சுவிஸ் ரயிலில் சிலுவையார் துண்டு வீசிய படலம்

வாழ்க சிலுவையார்! முத்தும் சங்கும் உப்பும் ஈன்ற தூத்துக்குடிப் பெருந்துறையிலே முப்பத்தோராண்டு காலம், அலைகடல் கிழித்து வந்தணைந்த பெருங்கப்பல்களையெல்லாம் ஒரே கைவீச்சில் வடமெறிந்து கரையோடு பிணித்த வலத்தோளாளர், பணி ஓய்வு பெற்றபின் கம்பளிச் சட்டைக்குமேல் கம்பளிச் சட்டை பூண்டு, கப்பலில் வேலைபார்க்கும் மகன் அனுப்பிவைத்த பயணச்சீட்டை நெஞ்சோடு அணைத்து, சுவிட்சர்லாந்து என்னும் வெண்முடி நாட்டின்மீது நாற்பது பேர் கொண்ட சுற்றுலாப் படையோடு போந்த பெருமகனார் வாழ்க! அவர் தோளில் கிடந்த நீலக்கரைத் துண்டு அவரினும் வாழ்க! அந்தத் துண்டு இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

படையெடுப்பின் காரணம் பெரிது. சிலுவையாரின் இல்லக்கிழத்தி பிளாரன்ஸ் அம்மையார், பனிமய மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, பனிமய மாதா கோயிலிலே மாலை மாற்றி, ஆண்டுதோறும் ஆகஸ்டு ஐந்தாம் நாள் பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில் வியர்வை ஆறாய்ப் பெருக நின்று மன்றாடியவர். ஆயினும் ஐம்பத்தாறு வயதுவரை பனி என்ற ஒன்றை மட்டும் கண்ணால் கண்டதில்லை. அவர் கண்டதெல்லாம் மீன்பெட்டியில் அள்ளிக் கொட்டும் ஐஸ்தான். “மாதா பேர்ல இருக்கிற பனிய ஒரு தடவ பாத்துட்டாப் போதும், வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்” என்று விமானப் படியில் கால் வைக்கும்போதே சொன்னார். “நான் காட்டுதேன்ளா!” என்று சிலுவையார் அப்போதே இடிமுழக்கமாய்ச் சூளுரைத்தார்.

ஆனால் கேளுங்கள் கொடுமையை! சூரிச் நகரில் இறங்கிய நாள்முதல் வானம் கொட்டித் தீர்த்தது. லூசெர்ன் ஏரியில் மழை, ஏரிக்கரை ஊர்களில் மழை, மாட்டுமணி ஒலிக்கும் மலைக்கிராமங்களில் அதைவிட மழை. சிகரமென்று பெயர்படைத்த யாவும் ஐந்து நாளும் மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டன. போதாக்குறைக்குப் படைக்குள்ளேயே ஒரு பகைவர். சாத்தான்குளத்துப் பாத்திரக்கடைப் பேரரசர், மங்கிக்குல்லா மகுடம் தரித்த மந்திரமூர்த்தி அண்ணாச்சி அவர். மற்றவர் காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும் வேளையிலே ஓசைப்படாமல் ஓடி, பேருந்தின் முன்வரிசை ஜன்னலோரத்தில் தம் ஆரஞ்சுநிறத் துண்டைப் போட்டுவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளைபோல் திரும்பிவந்து இரண்டாவது முட்டையை உடைக்கும் வித்தகர். துண்டு போட்ட இடத்தில் பிறர் உட்காரலாகாது என்பது நம் பக்கத்து எழுதாச் சட்டம். கடல்கடந்த அந்நாட்டிலும் நாற்பது பேரும் அதை வழுவாது காத்தனர். எனவே ஐந்து நாளில் பிளாரன்ஸ் அம்மையார் சுவிட்சர்லாந்தில் கண்ட ஒரே மலை, முன்னிருக்கையில் எழுந்து நின்ற அந்த மங்கிக்குல்லாதான்.

ஆறாம் நாள் விடிந்தது. அடடா, என்ன விடியல்! மேகம் போன இடம் தெரியவில்லை. மறுநாள் காலை ஊர்திரும்பும் விமானம். ஆகவே இதுவே கடைசி வாய்ப்பு. படைநடத்தும் வழிகாட்டி ரெக்ஸ், தானும் அந்நாட்டுக்கு முதன்முறை வந்தவன் என்பதை யாரிடமும் சொல்லாதவன், ரயில்நிலைய மேடையில் பெட்டிமேல் ஏறி நின்று கைத்தாளைப் பார்த்து முழங்கினான்: “எல்லாரும் கேட்டுக்கோங்க! இன்னைக்கு மலை ரயிலு. யாருக்கும் எடம் எழுதிவைக்கல. ரெண்டு குகைக்கு நடுவுல ஏழே ஏழு நிமிசம் பனிமலை கிட்டத்துல தெரியும். இடது பக்கம். ரயிலு அங்கன நிக்காது, பாத்தாத்தான் உண்டு!”

இடது பக்கம்! அச்சொல் கேட்டதும் நாற்பது நெஞ்சங்கள் முரசாய் அதிர்ந்தன. மந்திரமூர்த்தி அண்ணாச்சி குல்லாவைக் காதுவரை இழுத்தார். சிலுவையார் துண்டை உருவி, அதன் ஒரு முனையை ஒருமுறை முறுக்கி, மறுமுனையை மணிக்கட்டில் ஒருமுறை சுற்றி, முப்பத்தோராண்டுத் தொழிலையும் தோளுக்கு அழைத்தார். பிளாரன்ஸ் அம்மையாரோ கைப்பையில் செபமாலையைத் தேடிக்கொண்டிருந்தார்.

செந்நிற ரயில் வளைந்து வந்தது. கதவுகள் திறக்குமுன்னே படை கதவுகளை மொய்த்தது. அண்ணாச்சி தம் பெருவயிற்றையே கேடயமாக்கி முதற்படியைக் கைப்பற்ற, சிலுவையாரோ கதவுப்பக்கமே போகாமல், மேற்புறம் சற்றே திறந்திருந்த ஒரு ஜன்னலைக் கண்ணால் அளந்தார். காற்றின் திசையைக் கன்னத்தால் அறிந்தார். ஒரு காலை முன்வைத்தார். பிறகு எத்தனையோ கப்பல்களின் தலைவர்கள் மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்து வியந்த அந்த வீச்சை, பனிமலை நாட்டார் முதன்முறையாகக் கண்டனர். நீலக்கரைத் துண்டு சுழன்றெழுந்து, விண்ணளாவி, மேடைக்கூட்டத்தின் தலைகளைத் தாண்டி, அந்த அரைச்சாண் திறப்பில் வழுக்கி உட்புகுந்து, உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவரின் தலையில் போய் உட்கார்ந்தது. அவர் அதை எடுத்தார், இருபுறமும் பார்த்தார், என்ன ஏதென்று விளங்காமல் நான்காக மடித்து, தமக்கு எதிரே காலியாயிருந்த இடதுபக்க ஜன்னலோர இருக்கையில் பதமாக வைத்தார். அதே கணம் மூச்சிரைக்க அங்கு வந்துசேர்ந்த மந்திரமூர்த்தி அண்ணாச்சி, உட்காரப்போனவர், துண்டைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“துண்டு கெடக்கு அண்ணாச்சி!” என்று மேடையிலிருந்து சிலுவையார் ஆர்த்தார்.

“பாத்தேன் அண்ணாச்சி” என்றார் அவர், ஒரு சாம்ராச்சியம் சரிந்த குரலில். அதர்மம் எத்தனை செய்தாலும் துண்டை மீறும் அதர்மம் மட்டும் அவர் குலத்தில் கிடையாது. நடைவழியைத் தாண்டி வலதுபக்கம் போய், மனைவி இசக்கிசெல்வியின் எதிரே, யாரும் வேண்டாத ஜன்னலோரத்தில் பொத்தென்று அமர்ந்தார்.

வெற்றி! வெற்றி! சிலுவையார் துண்டை எடுத்து முகம் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பிளாரன்ஸ் அம்மையாரை ஜன்னலோரம் அரியணையேற்றி, தாம் காவற்கோபுரமாய் அருகில் அமர்ந்தார். “நல்லாப் பாத்துக்கோளா, கண்ணச் சிமிட்டிராத” என்றார். அம்மையாரின் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. மணவாழ்வில் முப்பதாண்டில் தனக்காக இந்த மனுசன் இவ்வளவு பேர் முன்னால் எதையும் வீசியதில்லை என்று அவர் எண்ணிக்கொண்டார்.

ரயில் ஏறிற்று, இறங்கிற்று, ஓர் ஏரியைச் சுற்றிற்று, மூன்றுபக்கமும் மலையடைத்த ஒரு சிறு நிலையத்தில் போய் நின்றது. தண்டவாளம் அதோடு முடிந்திருந்தது. அப்போது எதிரிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்து, வலதுபக்கம் போய் உட்கார்ந்தார். ரயில் குலுங்கி, வந்த வழியே பின்னோக்கி நகர்ந்து, சற்று தூரத்தில் வேறு தண்டவாளத்துக்குப் பிரிந்தது. பிளாரன்ஸ் அம்மையாருக்கு மின்னலென உறைத்தது. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிப் பாசஞ்சரில் எத்தனை முறை போயிருப்பார்! வழியில் மணியாச்சி சந்திப்பில் எஞ்சினைக் கழற்றி மறுகோடியில் மாட்டி, ரயிலையே திருப்பி ஓட்டுவார்களே, அதே கதை.

“ஏங்க, இது மணியாச்சில்லா! எஞ்சின் மாறிட்டு. இனிமே நமக்கு இது வலது பக்கம். அந்தப் பக்கந்தான் இப்ப இடது. பனி அங்கனதான் தெரியும், எந்திரிங்க!”

“ஏளா, துண்டு போட்டுப் பிடிச்ச எடம்!” என்றார் சிலுவையார்.

“நீங்க வாரியளா இல்லியா?”

“நான் எந்திரிச்சா எடம் போயிரும்ளா.”

அம்மையார் எழுந்தே விட்டார். அந்தோ, அந்த நொடி! மங்கிக்குல்லாவுக்குள் கண்மூடிக் கிடந்த அண்ணாச்சி ஒற்றைக் கண்ணைத் திறந்தார். ஐந்து நாள் பேருந்தில் ஆண்டு, இன்று ரயிலில் தாம் இழந்த ஜன்னலோரம். இதோ ஆள் எழுந்துவிட்டது. துண்டோ இருக்கையில் இல்லை, சிலுவையார் தோளில் கிடக்கிறது! சட்டப்படி இடம் காலி. கட்டறுந்த காளையாய் நடைவழியைத் தாவிக் கடந்தார். சிலுவையாரும் சளைத்தவரா? கணப்பொழுதில் ஜன்னலோரம் நகர்ந்து துண்டை மடியில் விரித்தார். அண்ணாச்சி மிச்ச இடத்தில் பாய்ந்து அமர்ந்து தம் ஆரஞ்சுத் துண்டைப் பாதியில் விரித்தார். தோளோடு தோள் மோதிற்று, முழங்கை முழங்கையை நெருக்கிற்று, குல்லா கழன்று உருண்டது. குனிந்து எடுத்தால் இடம் போய்விடுமென்று அவர் எடுக்கவுமில்லை.

ரயில் முதற்குகையில் புகுந்து வெளிவந்தது. அண்ணாச்சி விட்டுப்போன ஜன்னலோரத்தில் பிளாரன்ஸ் அம்மையார் உட்கார்ந்திருந்தார். எதிரே இசக்கிசெல்வி மக்ரூன் இனிப்பு டப்பாவைத் திறந்து நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

“மாதாவே!” என்றார் பிளாரன்ஸ் அம்மையார். பிறகு, “ஏளா செல்வி, நம்ம உப்பளத்தையெல்லாம் அள்ளி வானம்வரைக்கும் நட்டமா நிறுத்துனமாதிரில்லா இருக்கு” என்று சொல்லிக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆமாக்கா” என்று இசக்கிசெல்வியும் மூக்கை உறிஞ்சினாள்.

“ஏங்க, ஒரே ஒரு தடவ திரும்பிப் பாருங்களேன்!” என்று அம்மையார் அழைத்தார்.

திரும்புவதா? கடல்வென்ற சிலுவையாரா, கடைவீதி வென்ற மந்திரமூர்த்தியாரா, பகைவனுக்கு ஒரு விரற்கடை விட்டுக்கொடுத்துத் திரும்புவது? குன்றே பெயர்ந்தாலும் குலையாத அவ்விரு பெருவீரரும், நீலமும் ஆரஞ்சுமாய்க் கொடிகள் மடியில் கிடக்க, தாம் குருதி சிந்தாத குறையாய் வென்றெடுத்த ஜன்னலில் முகம் பதித்து, அடுத்த குகை வரும்வரை அசையாது வீற்றிருந்தார்கள்.

அந்தப் பக்கம் ஏழு நிமிடமும் பாறைதான் தெரிந்தது.