கொண்டையும் எலாஸ்டிக்கும்

உயிர் போனாலும் போகட்டும், கொண்டை போகக் கூடாது. மருத்துவரின் அறையை விட்டு வெளியே வரும்போதே வரைபடக்காரர் முடிவெடுத்துவிட்டார்.

நாற்பத்தெட்டு வயதில், மூன்று வருடம் பாடுபட்டு வளர்த்த கொண்டை. உச்சியில் இழுத்துக் கட்டினால் புருவம் இரண்டும் மேலேறிக்கொள்ளும். அலுவலகத்தில் யார் எதைச் சொன்னாலும் அவர் வியந்து கேட்பது போலிருக்கும். அதனாலேயே தங்கமான மனிதர் என்று பெயர். நெற்றியோர முடி மட்டும் இரண்டு விரற்கடை பின்வாங்கிவிட்டது.

"இறுக்கிக் கட்டறதாலதான் கொட்டுது. தளர்த்துங்க, திரும்ப முளைக்கும்" என்று சொல்லியிருந்தார் மருத்துவர்.

"அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? எல்லாம் குழாத்தண்ணி பண்ற வேலை" என்றார், வீட்டுக்கு வந்ததும்.

தையல் மெஷினிலிருந்து மனைவி தலை தூக்கவில்லை. "ஆமா, படிச்சவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கோடு போடறவருக்குத்தான் தெரியும்."

"தளர்த்தினா அது கொண்டையா? குருவிக்கூடு!"

"ரெண்டு மாசம் கூடாவே இருக்கட்டும். முளைக்கலேன்னா நானே வெட்டிடறேன்."

துணி வெட்டும் பெரிய கத்தரி மேசைமேல் பளபளத்தது. அவர் தலையாட்டினார்.

அன்றிலிருந்து கொண்டை வீட்டில் தளர்ந்தது, அலுவலகத்தில் இறுகியது. இறுக்கிக் கட்ட, துணி சுற்றிய நாலு கறுப்பு ஹேர்பேண்டுகளை, யாருக்கும் தோன்றாத இடம் என்று, சாப்பாட்டுப் பையின் பக்கவாட்டு அறையில் ஒளித்துவைத்தார். சில நாட்களில், மதியத்துக்குள் கொண்டை ஒரு பக்கம் சரிய ஆரம்பித்தது. புதுமுடி வழுக்குகிறது என்று பூரித்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தால், நெற்றியோரம் நிஜமாகவே பூனைமுடி!

"பாத்தியா, முளைச்சிடுச்சு!"

"தளர்த்தினீங்க, முளைச்சிது."

பேசாமல் இருந்திருக்கலாம். வெற்றி நெஞ்சில் நிற்கவில்லை. "யாரு தளர்த்தினது? தினமும் ஆபீஸ்ல இழுத்து இறுக்கித்தான் கட்டினேன். டாக்டரும் தோத்தாங்க, நீயும் தோத்தே! ஹேர்பேண்டை எங்கே வெச்சிருந்தேன், சொல்லு பாப்போம்?"

"சாப்பாட்டுப் பையில. அதைத் தினமும் கழுவறது யாருங்க?"

அவர் பையின் பக்கவாட்டு அறையைத் துழாவினார்.

"மொத வாரமே நாலு பேண்டையும் பிரிச்சு, உள்ளே இருந்த எலாஸ்டிக்கை உருவிட்டு, தொளதொளன்னு பழசைப் போட்டுத் தெச்சுட்டேன்."

கொண்டை தளர்வாகத்தான் இருந்தது. ஆனாலும் புருவம் இரண்டும் மேலேறின.

"அப்போ... அந்த நல்ல எலாஸ்டிக்?"

மனைவி ஊசியில் நூல் கோத்தாள்.

"நாலையும் ஒண்ணா சேத்துத் தெச்சேன். இப்பல்லாம் உங்க பைஜாமா நழுவறதே இல்லையே, கவனிக்கலையா?"