தளர்வுப் பயிற்சியும் வல்லினம் மிகா இடங்களும்

படுத்து எழுந்தபோது எல்லோருக்கும் நாடித்துடிப்பு கூடியிருந்தது.

தளர்வுப் பயிற்சியின் நோக்கம் அதைக் குறைப்பது. படுப்பதற்கு முன் ஒருமுறை எண்ண வேண்டும், எழுந்த பின் ஒருமுறை எண்ண வேண்டும். பின்னது குறைந்திருக்க வேண்டும் என்கிறது பாடத்திட்டம். உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த மாணவர்களோ, யாரோ துரத்தி வந்ததைப் போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“யாருக்காவது குறைஞ்சிருக்கா?” என்று கேட்டார் ஆசிரியர்.

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. “எனக்கு நாடியே கிடைக்கலை சார்.”

ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ‘ஒற்று’. விடைத்தாளில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டாலும் அரை மதிப்பெண்ணைக் குறைத்து, குறைத்ததற்காக மனமார வருந்தவும் செய்பவர் என்பதால் வந்த பெயர். இலக்கண ஆசிரியர் நலவாழ்வு வகுப்புக்கு வந்து சேர்ந்த கதை சுருக்கமானது. இலக்கணம் படிக்க வருவோர் ஆண்டுக்காண்டு குறைந்தார்கள்; ‘உடல்நலம், மனநலம், பாதுகாப்பு’ என்ற புதுப்பாடத்தை எல்லோரும் படித்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது; அதை நடத்த உடற்கல்வித் துறையில் ஆள் போதவில்லை. ஒரு துறையில் மிச்சம், மறு துறையில் பற்றாக்குறை. முதல்வர் ஒற்றை எடுத்து ஓட்டையை அடைத்தார்.

அடைத்தது நிற்குமா என்பது வியாழக்கிழமை தெரிந்துவிடும். அன்று பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பீட்டாளர் வருகிறார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் பாடத்தை ஒரு தனியார் பயிற்சி நிலையத்திடம் கொடுத்துவிடுவார்கள். பாடம் போனால் ஒற்றும் போக வேண்டும்; ஒரு பகல் முழுக்க ரயிலில் உட்கார்ந்தால் வரும் கிளைக் கல்லூரிக்கு. அவருடைய மனைவிக்கு மருத்துவமனை மருந்தகத்தில் அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது.

“போனா நீங்க தனியாத்தான் போகணும்,” என்று அந்த அம்மையார் தெளிவாகச் சொல்லிவிட்டார். “அடுப்பை எந்தப் பக்கம் திருகணும்னு இப்பவே கத்துக்கங்க.”

ஆகவே ஒற்று, கூடத்தின் நடுவே நின்று, எழுந்து உட்கார்ந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். “ஏன் கூடுது? காரணம் சொல்லுங்க. பயப்படாதீங்க.”

முன்வரிசை மாணவி தயங்கினாள். “அதுதான் சார் காரணம்.”

“எது?”

“பயம்தான். நீங்க ‘தளருங்கள்’னு சொல்றப்ப, தப்பாத் தளர்ந்துட்டா அரை மார்க் போயிடுமோன்னு பக்குனு இருக்கு.”

அதில் நியாயம் இருந்தது. ‘தளருங்கள்’ என்பது தன்வினை, ‘தளர்த்துங்கள்’ என்பது பிறவினை; உடல் தானே தளர்கிறதா, நாம் அதைத் தளர்த்துகிறோமா என்பதை முடிவு செய்யாமல் எவரும் கண்ணை மூடக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே அவர் எச்சரித்திருந்தார்.

“சரி. இனி இந்தப் பயிற்சிக்கு மதிப்பெண்ணே கிடையாது,” என்று அறிவித்தார் ஒற்று. “நிம்மதியாப் படுங்க.”

கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது.

“மார்க் இல்லைன்னா எதை வச்சு சார் பாஸ் போடுவீங்க?”

“வேற எதுலயாவது சேர்த்துக் கஷ்டமாக் கேப்பீங்களா?”

“சார் மார்க் வேணாம்னு சொன்னா அதுல ஏதோ இருக்குடா,” என்றான் ஒருவன் பக்கத்துப் பாய்க்காரனிடம், தாழ்ந்த குரலில், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

மறுபடியும் படுத்தார்கள். மறுபடியும் எண்ணினார்கள். இம்முறை நாடி கிடைக்காதவனுக்கும் கிடைத்துவிட்டது, வேகமாகக் கிடைத்தது.

உடற்கல்வி இயக்குநரிடம் யோசனை கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அவரைக் கல்லூரி ‘விசில்’ என்று அழைத்தது. கழுத்தில் விசில் தொங்காமல் அவரைப் பார்த்தவர் இல்லை. கல்யாணப் புகைப்படத்திலும் தொங்குகிறது என்பார்கள்.

“பேச்சை நிறுத்துங்க சார்,” என்றார் விசில். “நீங்க பேசினாலே கேள்வித்தாள் மாதிரி இருக்கு. தண்ணி சத்தம் போடுங்க. அருவி, ஓடை, சொட்டு சொட்டா மழை. உலகம் முழுக்க அதுதான்.”

மறுநாள் கூடத்தில் அருவி கொட்டியது. மாணவர்களின் முகங்கள் மெய்யாகவே தெளிந்தன. ஒற்றின் முகமும் தெளிந்தது. ஓடை வந்தபோது ஒருவன் மெல்ல எழுந்து வெளியே போனான். இன்னொருவன் போனான். சொட்டு சொட்டாக மழை தொடங்கியபோது பாய்கள் மட்டுமே படுத்திருந்தன. வகுப்பு முழுதும் கழிப்பறை வாசலில் வரிசை கட்டி நின்றது. அங்கே போய் நாடி பிடித்துப் பார்ப்பது நாகரிகமாகாது என்று ஒற்று விட்டுவிட்டார்.

அன்று கையெழுத்துப் போட அலுவலகத்துக்குப் போனபோது, எழுத்தர் அக்கா தன் பங்குக்கு ஒரு செய்தி சொன்னார்.

“வர்ற அம்மா யாருன்னு தெரியுமா சார்? கண்ணை மூடிக்கிட்டுத்தான் வகுப்பைக் கேப்பாங்களாம். காதாலயே எடை போட்டுடுவாங்களாம்.”

“கண்ணை மூடிக்கிட்டா?”

“மூடியிருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. பக்கத்துக் காலேஜ்ல நல்லாத்தான் போய்க்கிட்டிருந்ததாம். பாதி வகுப்புல டக்குனு கண்ணைத் திறந்தாங்களாம்.”

“திறந்து?”

“ஒரு பார்வை. அவ்வளவுதான். அந்தப் பாடம் இப்ப அங்க இல்லை.” அக்கா முத்திரையை ஓங்கிக் குத்தினார். “கண்ணைத் திறக்காம பார்த்துக்கங்க சார். வேற ஒண்ணுமே வேணாம்.”

வீட்டில் ஒற்று சாப்பிட்டதாகப் பெயர் பண்ணிவிட்டு எழுந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார்.

“இதுக்கா இவ்வளவு கலக்கம்? வீட்ல பேசுற மாதிரி அங்கேயும் பேசுங்களேன்.”

“வீட்ல என்ன பேசுறேன்?”

“அதான், எங்க மிகும், எங்க மிகாதுன்னு. நீங்க ‘மிகாது’ன்னு மூணாவது தடவை சொல்றப்ப நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாது. கல்யாணமான நாள்லேருந்து தூக்க மாத்திரை பக்கமே போனதில்லை. மருந்துக்கடையில இருக்கிறவ சொல்றேன், கேளுங்க.”

ஒற்றுக்கு அது பாராட்டா என்று விளங்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக மனைவி கண்ணை மூடித் தலையசைத்தது இலக்கண ஈடுபாட்டால் என்றே அவர் நம்பியிருந்தார். ஆயினும் மானத்தைப் பார்த்தால் ரயிலில் ஏற வேண்டும். புதன்கிழமை வகுப்பில் வல்லினம் மிகா இடங்களை எடுத்தார்.

“எழுவாயை அடுத்து வல்லினம் மிகாது,” என்று தொடங்கினார். “எடுத்துக்காட்டு, கை தளர்ந்தது. தம்பி தூங்கினான்…”

தம்பி தூங்கினான். தம்பிக்குப் பக்கத்தில் இருந்தவனும் தூங்கினான். உம்மைத்தொகைக்கு வருவதற்குள் முன்வரிசை மாணவியின் முகத்தில் தேர்வுக்காலக் கவலைகளின் சுவடே இல்லை. ஒற்று தாமே ஒவ்வொருவர் மணிக்கட்டாகப் பிடித்து எண்ணினார். எல்லோருக்கும் குறைந்திருந்தது. வெற்றிதான். ஆனால் தம் வாழ்நாள் உழைப்பின் பயன் இதுதானா என்ற வருத்தத்தில், தம்முடைய நாடியை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

மதிப்பீட்டாளர் முன்னிலையில் இலக்கணத்தின் பேச்சே கூடாது என்று முடிவு செய்துகொண்டார். நலவாழ்வு வகுப்பில் வினைத்தொகை கேட்டால் எந்தக் கண்தான் திறக்காது? பாடத்திட்டத்தில் உள்ளதை உள்ளபடி சொல்வது. மூச்சு, பாதம், முழங்கால், கை, கழுத்து. விசிலிடமும் கெஞ்சிச் சொல்லிவைத்தார்.

“நாளைக்கு ஒருநாள் மட்டும் மைதானத்துல ஊதாதீங்க. கும்பிடுறேன்.”

“கவலையே படாதீங்க. கையை ஆட்டியே ஓட வைக்கிறேன்.”

வியாழக்கிழமை வந்த மதிப்பீட்டாளர், ஊர் ஊராகச் சுற்றும் பயணப் பையின் களைப்பு முகத்திலும் படிந்த, தலை நரைத்த பெண்மணி. கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைப்பிடியில் வைத்தார். “நீங்க நடத்துங்க,” என்றார். கண்ணை மூடினார்.

எழுத்தர் அக்கா சொன்னதில் எழுத்துப்பிழைகூட இல்லை.

“மூச்சை மெல்ல இழுத்து விடுங்கள்,” என்றார் ஒற்று. அவருடைய மூச்சு உள்ளே போனது. வெளியே வர மறந்துவிட்டது. “இடது பாதம் தளரட்டும். இடது முழங்கால் தளரட்டும். இடுப்பு தளரட்டும்…”

முன்வரிசையிலிருந்து ஒரு கிசுகிசுப்பு. “சார், வலது கால்?”

ஒற்று சட்டென்று நாற்காலியைப் பார்த்தார். கண்கள் மூடியே இருந்தன. திரும்பிப் போய் வலது காலைச் சேர்த்தால் பிழையைத் தாமே காட்டிக்கொடுத்ததாகும். சேர்க்காவிட்டால் வகுப்பு முழுதும் ஒற்றைக்காலில் தளர்ந்து கிடக்கும். உதட்டில் விரலை வைத்து மாணவியை அடக்கிவிட்டு, கைக்குப் போனார். கைக்குப் பிறகு என்ன என்பது அடியோடு மறந்துபோயிற்று.

அந்த நேரம் பார்த்து மைதானத்தில் விசில் வீறிட்டது. பழக்கம் யாரை விட்டது? மதிப்பீட்டாளரின் இமைகள் துடித்தன.

அவை திறப்பதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும். ஒற்றின் வாயில் எது இருந்ததோ அது வந்தது.

“எழுவாயை அடுத்து வல்லினம் மிகாது.”

இமைகள் அடங்கின.

இனி நிறுத்துவது ஆபத்து. “வினைத்தொகையில் மிகாது,” என்றார் மெல்ல. “உம்மைத்தொகையில் மிகாது. இரவு பகல். விளித்தொடரில் மிகாது…”

மதிப்பீட்டாளரின் தலை இலேசாக அசைந்தது. ஆமோதிப்பா, மறுப்பா? தலை முன்னே மட்டும் சென்றதால் ஆமோதிப்பென்றே கொண்டார் ஒற்று. நடுவரிசையில் ஒருவன் குறட்டை விடத் தொடங்கினான். ‘மிகாது’ சொல்லிக்கொண்டே, செருப்பைக் கழற்றிவிட்டு, கை கால்களைத் தாண்டித் தாண்டிப் போய் அவனைப் பக்கவாட்டில் புரட்டினார். புரட்டிய பின்னும் குறட்டை நின்றபாடில்லை. எங்கிருந்து வருகிறது என்று ஆராய அவருக்கு நேரமில்லை; மிகா இடங்கள் தீர்ந்துகொண்டிருந்தன.

தீர்ந்துவிட்டன. முதலிலிருந்து மறுபடி தொடங்கினார்.

மூன்றாம் சுற்றில் மணி அடித்தது. ஆழ்ந்த உறக்கத்திலிருந்த வகுப்பு அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தது. அப்போது நாடி எண்ணியிருந்தால் கல்லூரியின் வரலாற்றிலேயே அதுதான் உச்சமாக இருந்திருக்கும். ஒற்றுக்கு எண்ணத் தோன்றவில்லை. மதிப்பீட்டாளர் கண்ணைத் திறந்திருந்தார்.

அவர் எழுந்தார். ஓர் அடி வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

“வலது கால்…” என்றார்.

ஒற்றின் உள்ளம் ஒடுங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, இத்தனை மிகாதுகளுக்கு அப்பாலும், விடுபட்ட ஒரு காலைக் கண்டுபிடித்துவிட்டாரே! விடைத்தாளில் விடுபட்ட ஒற்றைக் கண்டுபிடிக்கும்போது மாணவர்களுக்கு எப்படி இருக்கும் என்பது அவருக்கு முதன்முறையாகப் புரிந்தது.

“விட்டுட்டேங்கம்மா. என் தப்புதான். மன்னிக்கணும்.”

“அட, இதுல உங்க தப்பு என்ன இருக்கு?” என்றார் அவர், சற்றே விந்தி. “கொஞ்சம் நடந்தா சரியாயிடும்.”

முதல்வர் அறைப் பக்கம் நடந்து போனார். ஒற்று கூடத்திலேயே உட்கார்ந்து, அடுப்பை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று யோசித்தார்.

சிறிது நேரத்தில் முதல்வரே ஓடி வந்தார். “யோவ், என்னய்யா பண்ணினீங்க?”

“வலது காலை…”

“பாடம் இங்கேயே இருக்கட்டும், நீங்களேதான் நடத்தணும்னு எழுதிக் கொடுத்துட்டாங்க! அடுத்த பருவத்துக்கும் வேற யாரும் வேணாம், நானே வர்றேன்னு சொல்லிட்டுப் போறாங்க!”

ஒற்று எழுந்துவிட்டார். அப்படியானால் மதிப்பீட்டாளர் கேட்டிருக்கிறார். ஒரு காலை மன்னித்து, இலக்கணத்தை ஏற்றிருக்கிறார். மனித நலனுக்கு வல்லினம் மிகா இடங்கள் ஆற்றும் தொண்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால் என்ன என்றுகூட நினைத்தார். நினைத்தபடி திரும்பியவர் கண்ணில், நாற்காலிக் கைப்பிடியில் இருந்த மூக்குக்கண்ணாடி பட்டது.

எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். நல்ல வேளை, கார் புறப்படவில்லை. பின்னிருக்கையில் மதிப்பீட்டாளர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். “அம்மா…” என்று தொடங்கியதுதான் தாமதம், ஓட்டுநர் பாய்ந்து இறங்கி, வாயில் விரலை வைத்து, அவரைக் காரிலிருந்து எட்டத் தள்ளிக்கொண்டு போனார்.

“மெதுவா, மெதுவா சார்.”

“யோசனையில இருக்காங்களா?” என்று ஒற்றும் குரலைத் தாழ்த்தினார்.

ஓட்டுநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “வகுப்பு எடுத்தது நீங்கதானா? அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு சார். இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வகுப்பே பார்த்ததில்லைன்னாங்க.”

ஒற்றின் நெஞ்சு விம்மியது. “எந்தப் பகுதின்னு ஏதாவது சொன்னாங்களா? மூச்சா, மிகா இடங்களா?”

ஓட்டுநர் கண்ணாடியை வாங்கிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, காரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அதெல்லாம் ஒண்ணும் சொல்லலை சார். மணி அடிக்கிற வரைக்கும் நீங்க எழுப்பவே இல்லையாம். பக்கத்துக் காலேஜ்ல பாதியிலேயே எழுப்பிட்டாங்க.”