சர்ட்டிபிகேட் பெட்டிக்குக் கற்பூரம் காட்டிய விவகாரம்

கிள்ளான்,
ஐப்பசி மாதம், 1936.

பிரிக்பீல்ட்ஸில் வசிக்கும் மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி கார்த்திகேசு அவர்கள் சமுகத்துக்கு, பெண்ணைக் கொடுத்த ரெங்கசாமி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே முருகன் புண்ணியத்தில் நானும் என் மகள் புஷ்பவல்லியும் நலம். தங்கள் குமாரரும் என் மருமகனுமாகிய நாகையா, கோபித்துக்கொண்டு அங்கே வந்த நாளாய் மூன்று வேளையும் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பதாக ரயிலில் வந்தவர்கள் சொன்னார்கள். சந்தோஷம்.

பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. நான் சொல்லவில்லை, நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான். நான் ஸ்டோர் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் தொழிற்சாலையில் மழைக்கோட்டுத் துணிக்கு ரப்பர் பூசுகிறார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. ரப்பரைப் பெட்ரோலில் கரைக்கிற கொட்டகையில் எப்போதும் ஆவி நிற்கும். சுவிட்சில் தெறிக்கிற ஒரு பொறி அதில் பட்டால் எல்லோரும் ஒரே நாளில் கைலாசம் போக வேண்டியதுதான். அதனால் துரை சீமையிலிருந்து ஓர் இரும்புச் சுவிட்சுப் பெட்டி வரவழைத்தார். அந்த ஊர் சர்க்கார் அதை ஆவிக்கு நடுவில் வைத்துச் சோதித்து, ஆபத்தில்லை என்று சர்ட்டிபிகேட்டும் கொடுத்திருந்தது. பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஒயர்மேன் வேலையை, துரையின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அல்லவா, சர்ட்டிபிகேட்டைக் கடகடவென்று வாசித்தார். அன்றோடு என் வீட்டில் நிம்மதி போயிற்று. சோற்றில் கை வைத்தால் சர்ட்டிபிகேட், பாயில் படுத்தால் சர்ட்டிபிகேட். "பெட்டிக்குள்ள நெருப்பு வரும் மாமா. வந்தா வரட்டும், வெளியே விடாம பெட்டி தாங்கிக்கும். ஆனா எல்லாப் போல்ட்டும் இறுக்கமா இருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் இந்தக் காகிதம் செல்லாது" என்றார். நெருப்பு வருகிற பெட்டிக்கா இவ்வளவு செலவு, நெருப்பே வராத பெட்டி கடையில் கிடைக்காதா என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். மாமனார் எதிரில் தலையில் அடித்துக்கொள்ளலாம் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள்?

கூலிகளை மேய்க்கும் எங்கள் மண்டோர் பக்கிரிசாமிக்கோ அவசரம். பியூஸ் போகிற போதெல்லாம் அத்தனை போல்ட்டையும் கழற்றி மாட்ட அவருக்குப் பொறுமை இல்லை; மூடி விழாமல் இருக்க மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்துக்கொண்டு மற்றதை என்னிடம் கொடுத்துவிட்டார். என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க அவை நல்ல உதவி. மாப்பிள்ளை அதைக் கண்டுபிடித்து, "மண்டோருக்கு எல்லா எடத்திலயும் போல்ட் கழண்டுபோச்சு" என்று சொல்லிவிட்டார். மண்டோர் சும்மா விடுவாரா? ஆயுத பூஜை வரட்டும் என்று காத்திருந்தார்.

பூஜையன்று சர்ட்டிபிகேட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துப் பெட்டிக்கு மேலே மாட்டினோம். முத்திரை இருந்த இடத்தில் குங்குமம் கொஞ்சம் தாராளமாக விழுந்துவிட்டது. துரை கழுத்தில் மாலை. பண்டாரம் கொட்டகை வாசலில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு உள்ளே கால் வைத்தார். மாப்பிள்ளை எங்கிருந்தோ பாய்ந்து வந்தார், தட்டைப் பிடுங்கினார், வேட்டி அவிழ அவிழ ஓடிச் சாக்கடையில் கவிழ்த்தார். "சாமி நெருப்பைச் சாக்கடையில போட்டுட்டான்லா!" என்று மண்டோர் கத்தினார். "சர்ட்டிபிகேட் இருக்கிறபோது என்ன பயம்?" என்று துரை கேட்டார். "சர்ட்டிபிகேட் பெட்டிக்குத்தான், பண்டாரத்துக்கு இல்லை" என்று மாப்பிள்ளை இங்கிலீஷிலேயே பதில் சொன்னாராம். அந்த இடத்திலேயே சீட்டுக் கிழிந்தது.

இப்போது புஷ்பவல்லி அதே கொட்டகையில் துணி வெட்டிவிட்டு வந்து என்னோடு பேசாமல் படுத்துக்கொள்கிறாள். வேலைக்கு ஆள் தேடாமல், வேலையில் இருந்தவனையே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிய காலம் போய் நாலு வருஷம்கூட ஆகவில்லை. துரை நல்லவர், எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஆகையால் மாப்பிள்ளையைத் தாங்கள் கண்டித்து, மன்னிப்பை எழுதி வாங்கி, அவரையும் கையோடு அனுப்பி வைக்க வேண்டியது. பெரியவர்கள் ஒத்துக்கொண்ட காகிதத்தை நம்பாதவன் வேறு எதை நம்பிப் பிழைப்பான்?

சம்பந்தியம்மாள் தனலெட்சுமி அவர்களுக்கு என் வணக்கம். வீட்டுச் சிறுசுகளுக்கு ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம், சீமையில் சோதித்தது இல்லை, இருந்தாலும் வாங்கிக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்குத் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
ரெங்கசாமி

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது துரை கூப்பிட்டனுப்பினார். கோலாலம்பூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறாராம். 'பெட்டி சர்ட்டிபிகேட்டில் கண்டபடியே இருக்கிறது, தினமும் நானே பார்க்கிறேன்' என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். மண்டோருக்குக் கைநாட்டுத்தான், துரைக்குக் கை வலி. மாப்பிள்ளை வரும்வரை என்னைப் போடச் சொன்னார். பேனாவை வாங்கினேன். ஜன்னல் வழியே கொட்டகை தெரிந்தது. உள்ளே புஷ்பவல்லி குனிந்து துணி வெட்டிக்கொண்டிருந்தாள். சம்பந்தி, பயந்துவிட்டேன். பெட்டியின் போல்ட்டெல்லாம் என் மேஜையில் அல்லவா காகிதத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மூக்குக்கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்தேன். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. மேலே எழுதியதை மாப்பிள்ளைக்குக் காட்ட வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம், அவரை அனுப்பவும் வேண்டாம். தாங்கள் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருப்பதாக எனக்கு உடனே ஒரு தந்தி அடிக்கவும். அதைக் காட்டி மகளையும் அழைத்துக்கொண்டு அடுத்த ரயிலில் வந்துவிடுகிறேன். தயவுசெய்து தாமதிக்காமல் சாகக் கிடக்கவும்.