சைகோன் முசே விற்ற ரிசீவர்

பொருளை விற்பதற்காகப் பொய் சொல்லும் வியாபாரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். விற்காமல் இருப்பதற்காகப் பொய் சொன்ன வியாபாரி, எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே ஒருவர்தான். புதுச்சேரி சைகோன் முசே.

முசே என்றால் அந்த ஊரில் ஐயா மாதிரி. பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியும் அந்தச் சொல் போகவில்லை. இவர் பிரெஞ்சு ராணுவத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராகச் சைகோனில் இருந்தவர். அங்கிருந்து திரும்பியவர்கள் பீங்கானும் பட்டும் கொண்டுவந்தார்கள். இவர் ராணுவம் கழித்துப் போட்ட ரேடியோப் பெட்டிகளையும், சைகோனில் கட்டிக்கொண்ட மனைவியையும் கொண்டுவந்தார். கப்பலில் எதற்கு முதலில் இடம் பிடித்தார் என்று அந்த அம்மாவிடம் கேட்கக் கூடாது.

நான் விழுப்புரத்திலிருந்து மாற்றலாகி வந்த தந்தி குமாஸ்தா. பகலெல்லாம் ஊரார் கல்யாணத்தையும் சாவையும் மோர்ஸில் தட்டிவிட்டு, சாயங்காலமும் அதே சத்தத்தைக் கேட்க ஆசைப்பட்ட கிறுக்கன். அமெச்சூர் ரேடியோக்காரனாக வேண்டும். அதாவது, வீட்டில் இருந்தபடியே ஆகாயம் வழியாக முகம் தெரியாத ஆட்களோடு பேச வேண்டும். பேசுவதற்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும். அதற்கு முன்னால் கேட்டுப் பழக ஒரு ரிசீவர் வேண்டும். "பழசு வேணும்னா சைகோன் முசேகிட்ட போங்க" என்றார்கள் ஆபீசில். சொல்லிவிட்டு ஏன் சிரித்தார்கள் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

வீட்டின் முன்னறை முழுக்கக் கூரை வரை பெட்டிகள். நடுவில் போக ஒருக்களித்துத்தான் போகணும். ஒரு பச்சைப் பெட்டியைக் காட்டினேன்.

"அதுல எறும்பு குடியிருக்குது" என்றார் முசே.

"அந்தப் பக்கத்துப் பெட்டி?"

"ஷாக் அடிக்கும்."

"மேல இருக்கிறது?"

"அது பிரெஞ்சு மட்டும்தான் கேக்கும். உனக்குப் பிரெஞ்சு வருமா?"

வராது என்று திரும்பினேன். நானாவது பரவாயில்லை. உழவர்கரை மிராசுதார் ஒருவர் பாட்டுக் கேட்க செட்டு வாங்க வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தார். முசே அவரிடம், "உங்க வீட்ல மாடு எத்தனை நிக்குது?" என்று பரிதாபமாகக் கேட்டார். ஏன் என்றார் அவர். "இது இடியை இழுக்கும். முதல்ல மாடுதான் போகும்." வண்டி வந்த வேகத்தில் திரும்பியது. எப்படியோ ஒரு வக்கீல் மட்டும் ஒரு செட்டு வாங்கிவிட்டார். அதன் தலையில் பூ ஜாடி வைத்திருக்கிறார் என்ற சேதி முசே காதுக்கு எட்டியது. நேரே போனார். ஜாடியை எடுத்து வக்கீல் கையில் கொடுத்தார். செட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அவரு விக்க மாட்டாரு தம்பி" என்றார் அவர் மனைவி மரி அம்மா என்னிடம், வாசல் வரை வந்து. "மேஜை போட இடமில்லாம நாங்க சமையல்கட்டுல நின்னுக்கிட்டு சாப்பிடறோம். நீயாவது ஒண்ணைத் தூக்கிட்டுப் போயேன்."

நான் விடாமல் போனேன். ஒருநாள் முசே காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பெட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கரண்டியால் சாசரை லேசாகத் தட்டினார். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். எனக்கு அது மோர்ஸ். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்த் தந்தி கொடுப்பார்களே, அந்த மாதிரி: 'எப்போ போவான்?'

பாக்கெட்டில் இருந்த பென்சிலை எடுத்துப் பெட்டி மேல் தட்டினேன்: 'காப்பி கொடுத்தால் போவேன்.'

முசே கரண்டியைக் கீழே வைத்தார். அன்றுதான் என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"மரி, இன்னொரு காப்பி" என்றார்.

மறுவாரம் ஒரு ரிசீவர் ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டுக்கு வந்தது. ரிக்‌ஷாவில் சீட்டில் செட்டு. பக்கத்தில் அதற்குக் குடை பிடித்தபடி முசே நடந்து வந்தார். வழியில் ஒரு அம்மாள், "யாருக்குங்க உடம்பு சரியில்ல?" என்று கேட்டாள். "உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. புது இடத்துக்குப் போவுது" என்றார் அவர்.

அந்த வயதிலும் அவரே ஓட்டின் மேல் ஏறி ஏரியல் கட்டினார். என் மனைவி கமலா கீழே நின்று சாமிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் செட்டைப் போட்டோம். ஹெட்போனில் ஒரு காது அவருக்கு, ஒரு காது எனக்கு. அடைமழை மாதிரி ஒரே இரைச்சல். அதற்குள்ளே, ஊசி முனையளவுக்கு, மோர்ஸ். 'சி க்யூ, சி க்யூ' என்று யாரோ கூப்பிடுகிறார்கள். யாராவது இருக்கிறீர்களா என்று அர்த்தம்.

நான் பென்சிலை எடுத்தேன். முசே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தோணி" என்றார்.

"யாரு முசே?"

"இவன் அந்தோணி. காரைக்கால்காரன், என்கூட சைகோன்ல இருந்தவன். க்யூ அடிக்கும்போது கடைசிக் கோட்டை இழுக்கிறான் பாரு. நொண்டிக்கிட்டு வருது."

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

"செத்துட்டான். ஆத்துல நாங்க ரெண்டு பேரும் போன லாஞ்சு கவுந்துடுச்சு. மாதாகோயில்ல அவன் ஆத்மாவுக்குப் பூசை வெச்சேனே."

பெரியவருக்கு மனசு கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். கையெழுத்து மாதிரி மோர்ஸ் அடிப்பவருக்கும் ஒரு கை உண்டு, அது எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருஷம் கழித்து, இத்தனை இரைச்சலில், ஒரு எழுத்தை வைத்தா? அதற்குள் அந்தச் சத்தம் தன் பேரையும் ஊரையும் சொல்ல ஆரம்பித்தது. ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். ஆந்துவான். செயின் பியர். ரீயூனியன் தீவு. அந்தோணியைப் பிரெஞ்சில் ஆந்துவான் என்பார்கள்.

அங்கே அந்த ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்ல என்னிடம் கருவியும் இல்லை, லைசென்சும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் இரைச்சலுக்குள் முழுகிப் போனது.

"திருப்பிப் பேச முடியாதா?" என்று முசே கேட்டார். அந்த விஷயத்தில் எனக்கு அப்பன் அவர். அவர் என்னைக் கேட்டார்.

"முசே, நான் தந்தி ஆபீஸ்ல வேலை பாக்கிறேன்" என்றேன்.

மறுநாள் ஆபீஸ் திறக்கும்போது அவர் வாசலில் நின்றிருந்தார். 'ஆந்துவான், ரேடியோக்காரர், செயின் பியர்' என்று விலாசம் போட்டோம். பிரெஞ்சில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். நானே தட்டி அனுப்பிவிட்டு, அர்த்தம் கேட்டேன்.

"'உன் க்யூ இன்னும் நொண்டுது, சரிபண்ணு'ன்னு போட்டிருக்கேன்."

"அவ்வளவுதானா? நல்லாயிருக்கியா, எப்படித் தப்பிச்சேன்னு ஒரு வார்த்தை..."

"இது போதும். அவனுக்குப் புரியும்."

பதில் வந்த அன்று என் ஷிப்டுதான். முசே வந்து கவுண்டர் ஓரமாக நின்று படித்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எழுந்து போனால், சிரிக்கிறார். கண்ணில் தண்ணீரும் வருகிறது. எனக்குத் தமிழில் சொன்னார்: "'நீ செத்துட்டேன்னு வருஷா வருஷம் உனக்குப் பூசை வெச்சிக்கிட்டிருக்கேன். இப்ப என்ன பண்றது?'ன்னு கேக்கிறான்."

செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். நியாயம்தானே. முசே ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் அத்தனை பெட்டிகளை வைத்துக்கொண்டு, அந்தோணியைக் கேட்க என் வீட்டுக்குத்தான் வருவார். "அவனைக் கண்டுபிடிச்சது இது. வேற செட்டுல கேட்டா இதுக்கு மனசு கஷ்டப்படும்" என்பார். நான் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, அனுப்பும் கருவியும் வைத்த பிறகு இரண்டு பேரும் என் கை வழியாகச் சண்டை போட்டார்கள். ஒருவர் திட்டுவதை மற்றவருக்குத் தட்டியே எனக்குப் பிரெஞ்சு வந்துவிட்டது. அதில் பாதியை வெளியே பேச முடியாது.

எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். முசே போயும் ரொம்பக் காலம் ஆகிவிட்டது. ஆனாலும் பொழுது சாயும் நேரத்தில் வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால், ஹெட்போனின் ஒரு காதை வேட்டி நுனியில் துடைத்து, பக்கத்து நாற்காலிப் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுகிறேன்.