முகத்துவாரத்தில் ஒரு வரவேற்பு

பத்திரிகையில் பல வருஷம் படவிளக்கம் எழுதியவனுக்கு ஒரு வியாதி வரும். எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதில் என்ன நடக்கிறது என்று தனக்குத் தெரியும் என்று நம்பிவிடுவான். அந்த இடத்துக்குப் போயிருக்க மாட்டான், யாரிடமும் பேசியிருக்க மாட்டான். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, ‘மழைநீரில் உற்சாகமாக விளையாடும் சிறுவர்கள்’ என்று ஒரு வரி எழுதுவான். அவர்கள் விளையாடவில்லை, வீட்டுச் சாமான்களை மீட்டுக்கொண்டிருந்தார்கள் என்று யாராவது போன் செய்து திட்டுவார்கள். (எனக்குச் செய்திருக்கிறார்கள்.) அலுவலகத்துக்குள் இருக்கும்வரை இந்த வியாதியால் உயிருக்கு ஆபத்தில்லை. நான் அதை வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

நாற்பதை நெருங்கும்போது எனக்கு இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கும் ஆசை வந்தது. சிலருக்கு அந்த வயதில் சர்க்கரை வருகிறது. என் மனைவி ரேவதியின் தம்பி தினேஷ் செங்கல்பட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று ஓயாத வேலை. முகூர்த்தம் இல்லாத ஒரு வாரம் பார்த்து அவனுடைய கேமராவையும் நீளமான லென்ஸையும் முக்காலியையும் கேட்டேன்.

“கூட யாரு மாமா வராங்க?”

“யாரும் இல்ல. தனியா. மூணு நாள். ஈசிஆர்ல தெற்கே போய்க்கிட்டே இருப்பேன்.”

“எங்க தங்குவீங்க?”

“அதெல்லாம் பிளான் பண்ணிட்டுப் போனா நல்ல படம் கிடைக்காது.”

தினேஷ் அக்காவைப் பார்த்தான். “போகட்டும் விடுடா,” என்றாள் ரேவதி. “திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே பசிக்கும். திரும்பிடுவாரு.”

நான் எதையுமே திட்டமிடவில்லை என்று சொல்ல முடியாது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினேன். கேமராவின் இன்னொரு பேட்டரியைச் சார்ஜில் போட்டேன். (அது சார்ஜிலேயே இருந்தது, நான் திரும்பி வந்தபோதும்.) அந்த வாரம் முழுக்க மழை கொட்டியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ‘ஏரிகள் நிரம்பின: விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று தலைப்புப் போட்டதே நான்தான். நிரம்பிய தண்ணீர் அடுத்து எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. அது மறுநாள் டூட்டிக்காரரின் வேலை.

மாமல்லபுரம் கடற்கரைக்கு விடியும்போது போய்ச் சேர்ந்தேன். மனிதர்களே இல்லாத கடல், மனிதர்களே இல்லாத மணல், அதுதான் நான் எடுக்க நினைத்த படம். அங்கே கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க வந்த ஜோடிகள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி நீளமான கவுனை அலையில் நனைத்துக்கொண்டிருந்தாள், ஒருவன் மழை இல்லாதபோது குடை பிடித்துக்கொண்டிருந்தான். இடுக்கில் கொஞ்சம் கடல் தெரிந்தது. அதை எடுக்கப் போனபோது, “அண்ணா, ஃபிரேம்ல நிக்கிறீங்க,” என்று ஒரு குரல் விரட்டியது.

அவமானத்தோடு காரை எடுத்துத் தெற்கே போனேன். புதுப்பட்டினத்துக்கு முன்னால் இடப்பக்கம் ஒரு மண் சாலை பிரிந்தது. அதன் முடிவில் ஒரு மீனவர் குப்பம். (பெயர் வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு சிரித்துவிட்டார்கள்.) குப்பத்தை ஒட்டிப் பின்பக்கம் கழி, அதாவது மழைத் தண்ணீர் வந்து தேங்கும் பெரிய நீர்ப்பரப்பு. கழிக்கும் கடலுக்கும் நடுவே தெற்கு நோக்கி நீண்ட ஒரு மணல் மேடு. அதன்மேல் கண்ணுக்கெட்டிய தூரம் யாருமில்லை. மேட்டின் தொடக்கத்தில் மட்டும் பத்திருபது பேர் மம்முட்டியும் கையுமாகக் கூடியிருந்தார்கள். என் ஃபிரேமைக் கெடுக்கும் கூட்டம் என்ற அளவில்தான் அவர்களைப் பார்த்தேன்.

லுங்கியை மடித்துக் கட்டிய ஐம்பது வயதுக்காரர் ஒருவர் என்னை நிறுத்தினார். பெயர் கன்னியப்பன் என்று பிறகு தெரிந்தது.

“இன்னா அண்ணாத்த, எங்க போற?”

“படம் எடுக்க.”

“அப்பால போவாத. வெட்டப் போறோம்.”

“நான் பிரஸ்,” என்றேன்.

டெஸ்க்கில் உட்கார்ந்தே உத்தியோகம் பார்த்த நான் இந்த வார்த்தையை வெளியிடத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் முதுகு நிமிர்ந்தது. கன்னியப்பன் என் பூட்ஸை ஒருமுறை பார்த்தார். “சட்டுனு வந்துடு,” என்றார். எதை வெட்டப் போகிறார்கள் என்று உண்மையான நிருபராக இருந்தால் கேட்டிருப்பார்.

நெடுந்தூரம் நடந்தேன். ஒரு மணல் குவியலுக்குப் பின்னால், அலை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று குப்புறப் படுத்து, ஈர மணலை வாயில் வாங்கிக்கொண்டு படம் எடுத்தேன். சாம்பல் வானம், சாம்பல் கடல். எடுத்ததெல்லாம் சிமென்ட் தரையைப் போலவே இருந்தது. மூட்டை கட்டலாம் என்று எழுந்தபோது வடக்கே விசில் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். மணல் மேட்டில் அந்தக் கூட்டம் இப்போது இரண்டு மடங்காகியிருந்தது. பெண்களும் வந்திருந்தார்கள். அத்தனை பேரும் என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

மெய்சிலிர்த்துப் போனேன். காலையில் இருந்து மனிதர்களே இல்லாத படத்துக்கு அலைந்தவன் எவ்வளவு மடையன்! முக்காலியை நிறுத்தி வரிசையாகத் தட்டினேன். ஒரு பெண் முந்தானையை எடுத்துச் சுழற்றினாள், அதையும் எடுத்தேன். நானும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினேன். அவர்கள் இன்னும் வேகமாக ஆட்டினார்கள். ‘கையசைத்து உற்சாக வரவேற்பு அளித்த மீனவ மக்கள்.’ விளக்கம் தானாகவே வந்து உட்கார்ந்தது.

சந்தோஷம் தாங்காமல் ரேவதிக்குப் போன் போட்டேன். ஊர் எது, எங்கே நிற்கிறேன் என்றெல்லாம் சொல்லிவிட்டு, “ஊரே எனக்குக் கை காட்டுது ரேவதி,” என்றேன்.

“உங்களுக்கா? எதுக்கு?”

“பாசக்கார ஜனங்க.”

இருபது வருஷமாக என்னை அறிந்தவள். “எப்படிக் காட்டுறாங்க? ஒரு கையா, ரெண்டு கையா?”

“ரெண்டு கையும்.”

“சிரிக்கிறாங்களா?”

அதை நான் பார்க்கவில்லை. லென்ஸை முழுதாக நீட்டி முந்தானைப் பெண்ணின் முகத்துக்குக் கொண்டுபோனேன். அவள் சிரிக்கவில்லை. வாய் முழுதாகத் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பக்கத்து முகத்துக்குப் போனேன். அதற்கடுத்த முகத்துக்கும். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. லென்ஸைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். அவர்களுக்கும் எனக்கும் நடுவே, நான் நடந்து வந்த மணல் இருந்த இடத்தில், பழுப்பாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் வெட்டியது மணல் மேட்டை. மழையில் கழி நிரம்பித் தண்ணீர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால், கடல் இறங்கும் நேரம் பார்த்து ஊரே சேர்ந்து மேட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்துவிடுவார்கள். ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு ஒரு வாய்க்கால் போதும், மீதியைத் தண்ணீரே வெட்டிக்கொள்ளும். குவியலுக்குப் பின்னால் படுத்திருந்த என்னை அவர்கள் யாரும் பார்க்கவில்லை, போய்விட்டதாக நினைத்திருக்கிறார்கள்.

ஓடினேன். முக்காலியில் இருந்து பிடுங்கிய கேமரா கழுத்தில் ஆட, வெட்டிய இடத்தை நெருங்கியபோது சத்தம் கேட்டது, லாரியில் இருந்து ஜல்லி கொட்டும் சத்தம். ஒரு பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தும் அகலத்துக்குத் தண்ணீர் கடலை நோக்கிப் பாய்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் பக்கத்து மணல் பாளம் பாளமாகப் பிளந்து உள்ளே சரிந்தது. பின்வாங்கித் தெற்கே ஓடினேன். அங்கே மேடு முடியும் இடத்தில் ஒரு ஓடை, ஆகாயத்தாமரையைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. கிழக்கே கடல். மேற்கே கழி. எனக்கு நீச்சல் தெரியாது.

மறுபடியும் வடக்கே வந்தபோது முக்காலியைக் காணவில்லை. அது நின்ற இடத்தையே காணவில்லை.

என் மூளை அந்த நேரத்திலும் வேலை பார்த்தது. ‘முகத்துவாரத்தில் சிக்கியவர் மாயம்.’ உள்பக்கம், ஒற்றைப் பத்தி. ‘எச்சரிக்கையை மீறி’ என்று கட்டாயம் வரும். படம் கிடைக்காது, ஏனென்றால் கேமரா என் கழுத்தில் இருக்கிறது.

எதிர்க்கரையைப் பார்த்து அடித்தொண்டையில் கத்தினேன்: “கொஞ்ச நேரம் மூட முடியாதா?”

காற்று அப்போது பார்த்து என் பக்கம் வீசியது. முந்தானைப் பெண்ணின் பதில் தெளிவாக வந்து சேர்ந்தது. “மூடறதுக்கு இன்னா குழாயா இது?”

போனில் ரேவதி இன்னும் இருந்தாள். நான் வைக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. “ரேவதி,” என்றேன், “எனக்கு நீச்சல் தெரியாது.”

“அது எனக்குத் தெரியும்.” அவள் குரல் மெலிந்திருந்தது. “முதல்ல அந்த பூட்ஸைக் கழட்டுங்க. தண்ணி புகுந்தா தூக்க முடியாது. கழட்டிட்டீங்களா?”

போன் அணைந்தது. உட்கார்ந்து பூட்ஸை இழுத்தேன். வியர்வையில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. இடது காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபடி, அழுதேன். சும்மா எழுத்துக்காகச் சொல்லவில்லை, சத்தமாகவே அழுதேன். மேடு இப்போது ஒரு கல்யாண மண்டபத்தின் மேடை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

மேற்கே கழியில் இருந்து குரல் வந்தது. சின்ன ஃபைபர் படகு ஒன்று. அதன் பின்பக்கம் கட்டிய கயிற்றைத் தொலைவில் இடுப்பளவுத் தண்ணீரில் ஏழெட்டு ஆண்கள் பிடித்திருந்தார்கள். படகில் மூங்கில் கோலோடு கன்னியப்பன்.

“நிக்காத! படு! படுத்து உருண்டு வா!”

உருண்டேன். படகு தொடும் தூரத்துக்கு வந்ததும் நான் முதலில் கேமராவை நீட்டினேன். இன்றுவரை எனக்கே புரியவில்லை.

“அத்த இன்னாத்துக்குக் குடுக்கற? கையக் குடு!” என்று என் பெல்ட்டைப் பிடித்து இழுத்துப் படகுக்குள் போட்டார். உடனே படகு திரும்பியது, நாங்கள் போக வேண்டிய பக்கம் இல்லை, முகத்துவாரத்தின் பக்கம். கயிறு தொய்ந்தது. கன்னியப்பன் கோலை ஊன்றினார், அடி எட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு வெட்டு இழுப்பு, கயிறு விறைத்தது, “டேய் இழு, வுடாத” என்று பல குரல்கள். வயிற்றுக்குக் கீழே படகு மணலில் உரசியது.

முந்தானைப் பெண் கன்னியப்பனின் மனைவி அஞ்சலை. என் கையில் டீ டம்ளரைத் திணித்தார். பாதி டீ என் பேண்டில் கொட்டியது.

“பிரஸ்ஸுன்னு சொன்னியாமே. பிரஸ்ஸுன்னா தண்ணி நின்னு வழி வுடுமா?”

மீதி டீயைக் குடித்தேன்.

“அவ்ளோ நேரம் இன்னா பண்ணிகினு இருந்த? எடுத்த போட்டாவக் காட்டு.”

காட்டினேன். கேமராவின் சின்னத் திரையைச் சுற்றி ஊரே குனிந்தது. முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு அஞ்சலை தன் முகத்தைக் கண்டுபிடித்தார். “யம்மாடி! ‘ஓடியா ஓடியா’ன்னு உயிரு போற மாதிரி கத்திகினு கீறேன், இந்தாளு குந்திகினு போட்டா புடிச்சிகினு கீறாரு!” என்றார். மணலில் உட்கார்ந்து சிரித்தார். கன்னியப்பன் அடுத்த படம், அடுத்த படம் என்று தள்ளிக்கொண்டே போனார். “எல்லாம் சூப்பரா வந்து கீது,” என்றார். அதில் கிண்டல் இருந்ததாகத் தெரியவில்லை.

தினேஷின் பைக்கில் ரேவதி வந்து இறங்கியபோது நான் இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் காலைப் பார்த்தாள். பூட்ஸ் அப்படியே இருந்தது. குனிந்து, ஒரு காலைத் தன் மடியில் வைத்து இழுத்தாள். வந்துவிட்டது.

பைக்கைக் கன்னியப்பன் வீட்டில் விட்டுவிட்டுத் தினேஷ் காரை ஓட்டினான். தொலைந்த முக்காலியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்சீட்டில் ரேவதி என் சட்டைக் கையைப் பிடித்தவள் திருக்கழுக்குன்றம் வரை விடவில்லை. அங்கே வந்ததும், “பசிக்குதா?” என்றாள். பசித்தது.

இதெல்லாம் நடந்து நாலைந்து வருஷம் ஆகிறது. நான் அதன்பிறகு இயற்கையைத் தொந்தரவு செய்யவில்லை. அலுவலகத்தில், படம் எடுத்தவரிடம் கேட்காமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை. புகைப்படக்காரர்கள் என்னைக் கண்டால் ஒளிகிறார்கள். அந்தப் படங்களில் ஒன்றைத் தினேஷ் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறான். வருகிறவர்கள் எல்லாரும், “எவ்வளவு ஆசையா கை காட்டுறாங்க, யாரு இவங்க?” என்று கேட்பார்கள். ரேவதி அவர்களுக்குக் காபி கொடுத்து உட்காரவைத்து, ‘குழாயா இது’ வரைக்கும் அஞ்சலையின் குரலிலேயே சொல்லி முடிப்பாள்.

நான் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டுகிறாள். எதிர்வீட்டுக்காரர்கள் எங்களைப் பற்றி ரொம்ப நல்லவிதமாக நினைக்கிறார்கள். நான் தெருமுனை வரை போய், நின்று, திரும்பி அவள் முகத்தைப் பார்க்கிறேன். சிரிக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்புகிறேன்.