கல்வெட்டு சேருக்கு வந்த கடிதம்

இலங்கைத் தீவு முழுவதிலும் கல்வெட்டு சேரின் கையெழுத்தை வாசிக்கக் கூடியவர்கள் இரண்டே இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவர், மலைநாட்டில் அவர் படிப்பித்த பல்கலைக்கழகத்தில் தட்டெழுத்து வேலை பார்த்த ஓர் அம்மா. மற்றவன் நான். அந்தப் பட்டியலில் கல்வெட்டு சேருக்கு இடமில்லை.

இத்தனைக்கும் வாசிப்பதுதான் அவருடைய தொழில். ஈராயிரம் வருடத்துக்கு முன்னால் குகைக்குள்ளே யாரோ உளியால் கொத்திவிட்டுப் போனதை, முக்கால்வாசி அழிந்திருந்தாலும், அண்ணாந்து பார்த்தபடியே வாசித்து விடுவார். நேற்றுப் பின்னேரம் தானே எழுதியதைக் காட்டினால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓய்வுபெற்று சாய்ந்தமருதுக்கு வந்தார். வந்தது மனைவியின் வீட்டுக்கு. எங்கள் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணின் வீடுதான். கலியாணம் முடித்த ஆண்கள் எல்லாரும் நன்னடத்தையின் பேரில் அங்கே தங்கியிருப்பவர்கள். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டுக்கு முப்பது வருடமாக லீவுக்கு மட்டும் வந்துபோன மனிதர், ஐந்து பெட்டி புத்தகத்தோடு ஒரேயடியாக வந்து இறங்கியபோது, அவருடைய மனைவி சுபைதா மாமி பழக்க தோசத்தில் கேட்டாராம்: "இந்த முறை எத்தின நாள் லீவு?"

நான் அப்போது அந்தப் பக்கத்தில் ஒரு சின்னத் தபால் கந்தோரில் கிளாக்கர். பல்கலைக்கழகம் போவதற்கு மூன்று தரம் பரீட்சை எழுதி, மூன்று தரமும் பல்கலைக்கழகத்தைக் காப்பாற்றியவன். அதனால் பேராசிரியர் என்ற சொல்லைக் கேட்டாலே எழும்பி நிற்பேன். முதல் நாள் அவர் கவுண்டரில் ஒன்பது கடிதங்களைப் பரப்பியபோதும் எழும்பித்தான் நின்றேன். மேலே இருந்த கடிதத்தைக் கையில் எடுத்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஈர மணலில் நண்டு ஓடின தடம் பார்த்திருப்பீர்கள். இது, யாரோ துரத்த ஓடின நண்டு.

"சேர், இது எந்த ஊருக்கு?"

அவர் அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தலைகீழாகவும் ஒரு தரம் பார்த்தார். "எழுதக்குள்ள ஞாபகமிருந்திச்சு தம்பி."

"நீங்கதானே சேர் எழுதினீங்க?"

"எழுதினது நான்தான். வாசிக்கிறதெண்டா, இன்னும் கொஞ்சம் பழசாகோணும்."

அன்றைக்கே எங்கள் தபால்காரர் அலியார் அவருக்கு 'கல்வெட்டு சேர்' என்று பெயர் வைத்துவிட்டார். சொந்தப் பெயரை ஊர் அதோடு மறந்தது.

அவருடைய கொள்கை எளிமையானது. ஓய்வு என்பது சம்பளத்துக்குத்தானே ஒழிய மூளைக்கு இல்லை. ஆகவே பழைய மாணவர்களுக்கும் கூட வேலை பார்த்தவர்களுக்கும் நாளுக்கு ஐந்து கடிதமாவது எழுதுவது. அந்தக் குகையில் மூன்றாவது வரியை இன்னொரு தரம் போய்ப் பார்த்தாயா, உன் ஆராய்ச்சி எந்த மட்டில் இருக்கிறது, நான் வந்து உதவவா என்றெல்லாம் கேட்பது. காலை பத்து மணிக்குத் தபால் பை உடைக்கும் நேரத்துக்குச் சரியாக, கையில் குடையோடு கவுண்டரில் நிற்பார்.

"இண்டைக்கு ஏதும்?"

"இல்ல சேர்."

"பரவாயில்ல. மலையில மழையாயிரிக்கும்."

சித்திரை மாத வெயிலிலும் மலையில் மழையாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு பதில் வந்தது. அநுராதபுரத்தில் இருந்த பழைய மாணவருக்கு எழுதியது எப்படியோ ஓர் உரக் களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கல்வெட்டின் மூன்றாம் வரியைப் பற்றிய அவருடைய சந்தேகத்துக்கு, "யூரியா அடுத்த கிழமை வரும்" என்று அவர்கள் பொறுப்போடு பதில் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் மூன்று நாள் அவருடைய சட்டைப் பையில் இருந்ததை நான் பார்த்தேன்.

அதைப் பார்த்த பிறகுதான் நான் ஒரு கொப்பி வாங்கினேன். அவர் எழுதிய விலாசத்தை அவரையே ஊகிக்க வைத்து, எந்தச் சுழி எந்த எழுத்து என்று அதில் குறித்துக்கொண்டு வந்தேன். தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகள். அவர் அவற்றைப் பதினொன்றாகக் குறைத்திருந்தார். நாலு மாதத்தில் நான் தேறிவிட்டேன். வாழ்க்கையில் நான் பெற்ற ஒரே உயர்கல்வி அதுதான். கடித உறைகளில் விலாசத்தை என் கையால் திருத்தி எழுதினேன். கடிதங்கள் உரிய இடத்துக்குப் போயின. அப்படியும் பதில் வரவில்லை. வராதே! உள்ளே இருந்ததும் அதே நண்டுதானே.

ஒரு நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னேன்.

"சேர், கோவிக்கப்படா. அவங்க உங்கள மறக்கல்ல. அவங்களுக்கு விளங்கல்ல."

"என்ன விளங்கல்ல?"

"ஒண்டுமே."

"முப்பது வருசமா எழுதுறன் தம்பி, ஒருத்தரும் சொல்லல்லயே?"

"அப்ப, நீங்க சொல்ற அந்த அம்மா டைப் அடிச்சிக் குடுத்தாவு சேர்."

கல்வெட்டு சேர் கவுண்டரில் வைத்த ஐந்து கடிதங்களையும் எண்ணாமல் வாரிக்கொண்டு போனார். குடையை விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. பத்து மணிக்கு அந்தக் குடை மட்டும் கவுண்டர் மூலையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் வேறொரு செய்தி வந்தது. கொண்டுவந்தவர் அலியார். கல்வெட்டு சேர் திங்கள், புதன், வெள்ளி பின்னேரங்களில் வெளுத்த சட்டை போட்டு, அத்தர் பூசி, கல்முனைக்கு பஸ் ஏறுகிறார். எங்கே என்று கேட்டால், "சும்மா ஒரு அலுவல்" என்கிறார்.

"சும்மா அலுவலுக்கு என்னத்துக்குக் கிளாக்கர் அத்தர்?" என்றார் அலியார்.

ஊர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. தேத்தண்ணிக் கடையில் ஒருவர் அவர் இரகசியமாகத் தேர்தல் கேட்கப் போகிறார் என்றார். இன்னொருவர் புதையல் என்றார். கல்வெட்டு படித்தவருக்குப் புதையல் எங்கே இருக்கும் என்று தெரியாதா? ஆனால் அலியார் கல்முனையில் ஒரு புடைவைக்கடையின் மேல்மாடிப் படியில் சேர் ஏறுவதையும், அதே படியால் இளம்பெண்கள் இறங்குவதையும் தன் இரண்டு கண்ணாலும் கண்டுவிட்டு வந்த பிறகு, ஊருக்கு வேறு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. இரண்டாம் கலியாணம்.

சுபைதா மாமி அழவில்லை. ஐந்து புத்தகப் பெட்டியையும் இழுத்து வாசலில் வைத்தார். "ஊடு என்ட. புத்தகம் அவர்ட. எந்த மாடியில மனிசன் இரிக்கிறாரோ, அந்த மாடிக்கு ஏத்துங்க" என்றார். மாமியின் மூத்த சகோதரர், ஆணிக்கடை வைத்திருந்ததால் எல்லாருக்கும் ஆணிக்கடைக் காக்கா; காக்கா என்றால் எங்களில் அண்ணன். அவர் விசாரணைக்குப் புறப்பட்டார். சாட்சிக்கு அரசாங்க உத்தியோகத்தன் ஒருவன் வேண்டுமென்று என்னையும் கூட்டிப் போனார். நான் சேரின் குடையையும் எடுத்துக்கொண்டேன். வழியில் காக்கா அதை என்னிடமிருந்து வாங்கி ஆயுதம் போலப் பிடித்துக்கொண்டார்.

படியேறும்போதே மேலே தடதடவென்று ஒரு சத்தம். தகரக் கூரையில் மாரி மழை பெய்கிற மாதிரி. கதவைத் தள்ளினோம். வரிசையாகப் பன்னிரண்டு தட்டெழுத்துப் பொறிகள். பதினொன்றின் முன்னால் பள்ளிக்கூடம் முடித்த பெண்பிள்ளைகள். கடைசி வாங்குப் பலகையில் ஜன்னலோரம், கைகளை ஒரு துணியால் மூடிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி கல்வெட்டு சேர். பக்கத்தில் அடிமட்டக் கோலோடு இருபத்தைந்து வயது டைப்பிங் மிஸ்.

"சேர்! திரும்பவும் துணிக்குள்ளால எட்டிப் பாக்கிறீங்க!"

"இல்ல மிஸ்."

"நான் கண்டனான்."

"மன்னிக்கோணும் மிஸ்."

காக்கா குடையை ஓங்கியபடியே நின்றார். "மச்சான், இவடத்த என்ன செய்றீங்க?"

சேர் திரும்பவில்லை. "கதைக்கப்படா. சோதினை நடக்குது."

மிஸ் எங்கள் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க ஆர்? புதுசாப் பழக வந்தயளா? குடைய வெளியில வெச்சிட்டு வாங்க."

காக்கா குடையை வெளியில் வைத்தார். ஊரில் மூன்று பள்ளிவாசல் நிர்வாகங்களை அதட்டியவர், ஒரு சொல் பேசாமல் கடைசி வாங்கில் சேருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

சோதினையில் சேர் ஃபெயில். வேகம் போதாது. அந்தப் பேப்பரை பஸ்ஸில் எங்களிடம் இரண்டு தரம் காட்டினார், அவ்வளவு பெருமை. "ஆயிரம் பேர ஃபெயிலாக்கியிரிக்கன். அது எப்பிடியிரிக்குமெண்டு இண்டைக்குத்தான் விளங்குது." தேறும்வரை ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று இருந்தாராம். அத்தர் எதற்கு என்று காக்கா கேட்டார். "கிளாசுக்கு நாறிக்கிட்டுப் போறதா?" என்றார் சேர்.

வீட்டு வாசலில் பெட்டிகளைக் கண்டதும் சேர் நின்றுவிட்டார். காக்காதான் உள்ளே போய்ச் சொன்னார்: "சுபைதா, மனிசன் டைப் அடிக்கப் படிக்கிறார்."

"என்னத்துக்காம்?"

"கடிதம் எழுத. இவர்ட எழுத்து ஒருத்தருக்கும் விளங்குதில்லயாம்."

மாமி அறைக்குள் போனார். ஒரு தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து சேரின் முன்னால் வைத்தார். திறந்தால், முப்பது வருடக் கடிதம். மாதத்துக்கு இரண்டு வீதம், அடுக்கிக் கட்டியிருந்தது.

"அப்ப இதையும் அடிச்சித் தாங்க. என்ன எழுதியிரிக்கெண்டு பாப்பம்."

"நீ இதெல்லாம் வாசிக்கல்லயா?"

"எப்பிடி வாசிக்கிற?"

"பதில் போட்டியே!"

"பதிலா? நீங்க இப்பிடித்தான் எழுதியிரிப்பீங்கண்டு நெனச்சி நான் எழுதினது அது."

சேர் புத்தகப் பெட்டியொன்றின் மேல் மெல்ல உட்கார்ந்தார். "நோம்புக்கு வர ஏலாதெண்டு எழுதினா, சந்தோசம், கெதியா வாங்க எண்டு பதில் வரும். மறுக்க மனமில்லாம நானும் வந்திருவன்."

சேர் இரண்டாவது தரம் பாஸானார். பழைய டைப்ரைட்டர் ஒன்று வாங்கினார். மலையில் மழை நின்றது. பதில்கள் வரத் தொடங்கின. முதலாவது அந்தத் தட்டெழுத்து அம்மாவிடமிருந்து: "ஆறு பிழை. பரவாயில்லை, முன்னேற இடமுண்டு." மாணவர்கள் தங்கள் ஆராய்ச்சியைப் பொதி பொதியாக அனுப்பித் திருத்தம் கேட்டார்கள். அலியாருடைய சைக்கிள் காரியர் ஒடிந்தது.

தகரப் பெட்டிதான் பிரச்சினை. சேரால் அதை வாசிக்க முடியவில்லை. இன்னும் ஈராயிரம் வருடம் ஆகவில்லையே. எனவே பின்னேரங்களில் கந்தோர் முடிந்ததும் நான் போய் உட்கார்ந்து வாசிப்பேன். சேர் அடிப்பார். மாமி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு கேட்டிருப்பார். இங்கே குளிர், சோறு சரியில்லை, கருவாடு அனுப்பு, அட்டை கடித்தது. மாமி இடைக்கிடை, "அட, கருவாடா கேட்டீங்க? நான் தேங்காய் அனுப்பினனே" என்பார்.

கலியாணம் முடித்து நாலாம் வருடத்துக் கடிதமொன்றை எடுத்தேன். பாதியில் எனக்கு வாய் தடுமாறியது.

"வாசிங்க தம்பி" என்றார் மாமி.

வாசித்தேன். "இங்கே எனக்கு ஒரு குவாட்டர்ஸ் தருகிறார்கள். ஜன்னலால் பார்த்தால் ஆறு தெரியும். உம்மாவின் வீட்டை விட்டுவிட்டு வா என்று பெண்பிள்ளையைக் கேட்பது எங்கள் ஊரில் இல்லாத வழக்கம். ஆனாலும் கேட்கிறேன். வருவாயா? விருப்பமில்லையென்றால் இனி இதைக் கேட்கமாட்டேன்."

டைப்ரைட்டர் நின்றது. சுளகும் நின்றது.

"இதுக்கு நான் என்ன பதில் போட்டன்?" என்று மாமி கேட்டார்.

சேர் யோசிக்கவேயில்லை. "செவலக் கோழி பதினொரு குஞ்சு பொரிச்சிரிக்கெண்டு."

"அல்லாஹ்வே! லீவுக்கு வந்துதானே போனீங்க. வாயால கேட்டா என்ன?"

"நீ விருப்பமில்லாமத்தான் கோழிய இழுக்கிறாய் எண்டு நெனச்சன்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மாமி சுளகைக் கீழே வைத்தார். "பேப்பர மாத்துங்க. பதில நான் சொல்றன், அடிங்க." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க போய்ட்டு வாங்க மனே. இது உங்களுக்கில்ல."

மறுநாள் காலையில், அதுவரை தபால் கந்தோர்ப் படி ஏறியிராத சுபைதா மாமி வந்தார். ஒரு கடிதத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு போனார். விலாசம் சுத்தமாக டைப் அடித்திருந்தது. அவருடைய அதே வீட்டு விலாசம்தான். அடித்தவரும் சேர், பெறுபவரும் சேர். நான் முத்திரையின் மேல் தபால் சீல் வைத்து அழுத்திக் குத்தினேன்.

பத்து மணிக்கு கல்வெட்டு சேர் குடையோடு வந்தார்.

"இண்டைக்கு ஏதும்?"

"ஒண்டு இரிக்கு சேர்."

அங்கேயே நின்று உடைத்து, ஒரு வரி விடாமல் வாசித்தார். அவரே அடித்ததுதான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசிக்க முடியாததால் அல்ல. இருபது வருட உத்தியோகத்தில் நான் வாசிக்க ஆசைப்பட்ட ஒரே கடிதம் அது. என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இப்போது மாமியும் இல்லை, சேரும் இல்லை; அந்தத் தட்டெழுத்து அம்மாவும் போய்விட்டாராம். அந்தப் பதினொரு எழுத்தும் குறித்த கொப்பி என் மேசை லாச்சியில் கிடக்கிறது. இந்தத் தீவில் அந்தக் கையெழுத்தை வாசிக்கக் கூடியவன் இன்றைக்கு நான் ஒருவன்தான். அந்த வேலையிலிருந்து மட்டும் ஓய்வுபெற எனக்கு மனம் வரவில்லை.