குளோபல் அக்காவும் தடம் மாறிய கம்பெனி பஸ்ஸும்

ஒரகடம் பக்கம் எத்தனையோ நாட்டுக்காரர்கள் வந்து தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள். ஆனாலும், உலகம் மொத்தத்துக்கும் நானே பொறுப்பு என்கிற தோரணையில் ஷிப்டுக்கு வந்துபோன ஒரே ஆள் எங்கள் குளோபல் அக்காதான்.

சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் எனக்கும் அக்காவுக்கும் ஒரே விடுதி. வல்லம் வடகாலில் காருக்கு வயர் கட்டும் லைனில் பக்கத்துப் பக்கத்து இடம். அக்காவுக்குச் சங்கரன்கோவில் பக்கம். தபால் வழியில் எம்.ஏ. சமூகவியல் படித்துக்கொண்டிருந்தார். அதில் 'உலகமயமாதலும் பன்னாட்டுப் பிரச்சினைகளும்' என்று ஒரு தாள் வந்தது பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

விடுதிச் சாம்பாரில் கரண்டியை விட்டு, "ஏட்டி, இந்தப் பருப்பு எந்தக் கப்பல்ல வந்திருக்கும்?" என்பார்.

சமையற்காரம்மா விடுவாரா? "கப்பல்ல வந்தா இன்னா, பிளேன்ல வந்தா இன்னா? வெந்துகீதா, அத்த மட்டும் பாரு!"

லைனில் கட்டி முடித்து வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு வயர்க் கட்டையும் தட்டிக்கொடுத்து, "போயிட்டு வா ராசா, அங்கன குளிரும்" என்று வழியனுப்புவார். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒருநாள் பாடப் புத்தகத்தில் மூழ்கியபடியே வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார். எல்லாம் வெள்ளை பஸ்தானே! நானாக இருந்தால் அழுதிருப்பேன். அக்காவோ, கேட்டில் பிடித்து நிறுத்திய செக்யூரிட்டியிடமே, "அண்ணாச்சி, ஒங்க மொதலாளி எந்த நாடு?" என்று பேட்டி எடுத்து, அவர் வாங்கித் தந்த டீயையும் குடித்துவிட்டுத்தான் திரும்பினார். அரை நாள் ஆப்சென்ட் விழுந்தது.

"களப்பணிட்டி!" என்றார் கெத்தாக.

இவ்வளவு பேசியும் அந்தத் தாளில்தான் அக்கா தேறவில்லை. இதுதான் கடைசி வாய்ப்பு, விட்டால் பட்டம் கிடையாது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. தேர்வு செங்கல்பட்டில், காலை பத்து மணிக்கு. லீவு கிடைக்கவில்லை. நைட் ஷிப்ட் முடிந்ததும் விடுதியில் இறங்கி, ரயில் பிடித்துப் போய்விடுவதாக ஏற்பாடு.

அன்றைக்கென்று பார்த்து ஒரு கன்டெய்னர் லாரி ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. எங்கள் பஸ் நகரவே இல்லை. அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கன்டெய்னரில் என்ன சரக்கு, எந்த நாட்டுக்குப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதுதான் நானும் மணியைப் பார்க்க ஆரம்பித்தேன்.

விடுதி வாசலுக்கு வந்தபோது மணி ஒன்பதரை. ரயில் போயிருந்தது.

"அண்ணா, நேரா செங்கல்பட்டு வுடு" என்றேன் டிரைவரிடம்.

"இன்னாம்மா வெளாடுறியா? வண்டில ஜிபிஎஸ் கீது. ரூட்டு மாறுனா என் வேலை பூடும்."

"கேட்டா நாங்கதான் போகச் சொன்னோம்னு சொல்லு. அத்தினி பேரையுமா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க?" பஸ் முழுக்க ஒரே குரல். ஒருத்திகூட இறங்கவில்லை. அத்தனை பேரும் ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்தவர்கள்.

டிரைவர் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். "என் வண்டி டயரு ரப்பர் எந்த ஊர்துன்னு கேட்டு டெய்லி உசுர வாங்குமே, இந்தப் பொண்ணுக்கா? பாஸாச்சுன்னாலாவது என்னை வுட்டுரும்!" என்று ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

தேர்வு மைய வாசலில் அக்காவை இறக்கிவிட்டபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. நானும் இறங்கி, அங்கேயே ஒரு மரத்தடியில் தூங்கி வழிந்தேன். மறுநாள் டிரைவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பஸ்ஸே திரண்டுபோய் ஆபீஸ் முன்னால் நின்றது. திட்டோடு விட்டார்கள்.

தேர்வன்றைக்கு, எழுதி முடித்து வெளியே வந்த அக்காவிடம், "இன்னாக்கா கேட்டாங்க?" என்றேன்.

"ஒலகமயமான எடத்துல தொழிலாளி ஒத்துமை இருக்கா, உதாரணத்தோட எழுதுன்னு கேட்டிருந்தாவ."

"இன்னா எழுதுன?"

"ஒங்களத்தாம்ட்டி எழுதுனேன். டிரைவர் அண்ணாச்சியையும் சேத்து."

அக்கா பாஸானார். எங்கள் கம்பெனி பஸ் பல்கலைக்கழக விடைத்தாளில் ஏறிய கதையைப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு. இப்போது அக்கா அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. விடுதியில் சாம்பார் என்னவோ அதே சாம்பார்தான். எந்தக் கப்பலில் வந்த பருப்பு என்று கேட்க ஆளில்லாமல், எனக்குத்தான் அது தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.